படைப் பதிவில் பதக்கம் விடுபட்டிருந்தால்

அமெரிக்கப் படையில் பணியாற்றிவிட்டுக் கொழும்பில் பிள்ளைகளோடு இருக்கும் அப்பா, மாமா யாராவது உங்கள் வீட்டில் உண்டா? படையிலிருந்து விலகும்போது பணி விவரங்களோடு கொடுக்கப்பட்ட அவரின் டிடி 214 பத்திரத்தில் விருதுகள் பகுதியை ஒருதரம் வாசித்துப் பாருங்கள். பதக்கம் ஏதும் விடுபட்டிருந்தால், படைப் பதிவுகளைக் கோரும் படிவமான ஸ்டாண்டர்ட் ஃபோர்ம் 180ஐ நிரப்பி, அவரின் கையொப்பத்தோடு அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் உள்ள படைப் பணியாளர் ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பலாம். பதக்கம் வழங்கியபோது படை கொடுத்த விருது உத்தரவு இருந்தால் கட்டாயம் இணையுங்கள். அதுதான் உயிர். 1973 தீயில் அங்கே தரைப்படையின் பழைய கோப்புகள் ஏராளமாக எரிந்துபோயின. வீட்டு அலுமாரியில் கிடக்கும் தாளே சிலருக்கு ஒரே சான்று. ஆகவே மூலத்தைக் கொடுக்காதீர்கள், வெள்ளவத்தையில் ஏதாவது கொமியூனிகேஷனில் பிரதி எடுத்து அனுப்புங்கள். திருத்தம், டிடி 214ஐத் திருத்தும் டிடி 215 என்ற பத்திரமாக வரும். மறுத்தால், டிடி 149 என்ற விண்ணப்பப் படிவத்தை நிரப்பிப் படையின் பதிவுத் திருத்தச் சபையிடம் கேட்கலாம்.