சணப்பு நார்: அடித்தண்டில் உரியாமல் ஒட்டிக்கொண்டால்

எங்கள் பக்கம் சணப்பு என்றால் பசுந்தாள் உரம், பூவெடுத்ததும் மடக்கி உழுதுவிடுவோம், அவ்வளவுதான். நான் ஒரு பாத்தியை மட்டும் நாருக்கென்று நெருக்கி விதைத்து (நெருக்கமாக இருந்தால்தான் கிளைக்காமல் நெட்டையாக வளரும்) காய் பிடிக்கும்போது அறுத்தேன். ஊறப்போட்டால் நுனிப்பக்கம் வழுக்கிக்கொண்டு உரிந்துவிடும், அடித்தண்டில் மட்டும் பட்டை குச்சியை விடவே விடாது. அது உரியட்டும் என்று காத்திருந்தால் நுனி நார் அழுகி, இழுத்ததும் அறுந்துபோகும்.

தண்ணீரில் இருக்கும் பாக்டீரியா, நாரைக் குச்சியோடு ஒட்டவைத்திருக்கும் பெக்டினைக் கரைத்தால்தான் நார் கழன்று வரும், அடித்தண்டு தடிமன் என்பதால் அங்கே நேரம் அதிகம் ஆகிறது. சரி, அடிக்கு முன்கூட்டியே நேரம் கொடுப்போம் என்று கட்டுகளை முதல் இரண்டு நாள் முழங்கால் அளவு தண்ணீரில் நிமிர்த்தி நிறுத்திவிட்டு, அப்புறம்தான் படுக்கப்போட்டு முழுக்க மூழ்கடித்தேன். இப்போது அடியும் நுனியும் கிட்டத்தட்ட ஒன்றாகவே பதமாகிவிடுகின்றன.

பாரத்துக்குக் கல் வையுங்கள். சேற்றை அப்பினாலோ வாழைத்தண்டை அடுக்கினாலோ நார் கறுத்துவிடும், பிறகு எவ்வளவு அலசினாலும் வெளுக்காது.

பதம் பார்க்க, ஒரு தண்டை நடுவில் ஒடித்து இழுப்பேன். உள்குச்சி வெள்ளையாக உருவிக்கொண்டு வந்து, நார் கையில் முழுசாக நின்றால் அன்றைக்கே எடுத்து அலசிவிட வேண்டும், நாளைக்கு என்று தள்ளவே கூடாது. வெயில் காலத்தில் சீக்கிரம் பதமாகும், குளிர் நாளில் இழுத்தடிக்கும். நாற்றம் குடலைப் பிடுங்கும், அதனால் தொட்டி வீட்டை விட்டுத் தள்ளியே இருக்கட்டும். ஊறின தண்ணீரை மீன் இருக்கும் குட்டையில் மட்டும் விடாதீர்கள், ஆக்ஸிஜன் குறைந்து செத்து மிதக்கும்.