பிராக்கியோபோட் சேகரிப்பு: வினாகிரிப் போத்தலை மூடி வையுங்கள்

கொழும்பு நகரத்துக்கு அடியில் கிடப்பது உருமாறிய பழம்பாறை. அதன் மேலே கபுக்கல். இரண்டிலும் பிராக்கியோபோட், அதாவது மட்டிபோல் இரண்டு ஓடுள்ள கடலுயிரின் புதைபடிவம், கிடைக்காது. ரொறன்ரோ மாமாவோ இலண்டன் அக்காவோ பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்ததுதான் இங்கே பலருக்கு முதல் மாதிரி. அது பழுதானால் பதிலுக்கு ஒன்றைப் போய்ப் பொறுக்கிவர முடியாது. அதனால்தான் ஒரே தவறுகள் திரும்பத் திரும்ப நடப்பதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. சுத்தியல் பிடிக்கும்போது கண்ணாடி போடுங்கள் என்பது போன்றவற்றை விட்டுவிடுவோம்.

மட்டியைப் பிராக்கியோபோட் என்று எழுதி வைப்பது

யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பி அச்சைக் கண்டதும் பிராக்கியோபோட் என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள். அது மயோசீன் காலத்துக் கல், பிராக்கியோபோட்டுகள் அருகிப்போன பிறகு உண்டானது. அதில் சாதாரணமாகக் காண்பது மட்டி, சங்கு, பவளம், போராமினிபெரா எனும் ஒற்றைக்கல உயிர்களின் ஓடு போன்றவை. பெரும்பாலான மட்டிகளின் இரண்டு ஓடுகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடி விம்பம். ஆனால் ஒரு ஓட்டைத் தனியே எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் சரிந்திருக்கும். பிராக்கியோபோட்டில் இது தலைகீழ். ஒவ்வொரு ஓடும் நடுக்கோட்டின் இருபுறமும் ஒத்திருக்கும், இரண்டு ஓடுகளும் தம்முள் வேறுபடும். பல இனங்களில் பெரிய ஓட்டின் கூர்நுனியில், அகல்விளக்கின் திரிவாய் போல, காம்பு வெளிவந்த துளை தெரியும்.

வினாகிரியில் ஊறவைப்பது

எல்லாவற்றிலும் நட்டம் கூடியது இதுதான். கனடாவில், ஒன்ராறியோவின் ஆர்கோனாப் பக்கத்துத் தெவோனியன் காலத்து முக்ரோஸ்பிரிஃபர் என்ற பிராக்கியோபோட் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். விரித்த சிறகு போன்ற உடல், இரு முனையிலும் ஊசி போல மெலிந்த நுனி, மேலே வரிவரியாக மடிப்பு, அவற்றைக் குறுக்கே வெட்டும் நுண்ணிய வளர்ச்சிக் கோடுகள். ஒட்டியிருக்கும் மண் போகட்டும் என்று ஒருவர் அதை இரவில் வினாகிரிக்குள் போடுகிறார். காலையில் சிறகு நுனிகள் இல்லை, கோடுகள் இல்லை. சூப்பித் துப்பிய இனிப்புப் போல வழுவழுப்பான ஒரு கட்டிதான் மிச்சம். தேசிக்காய்ப் புளியும் இதையேதான் செய்யும்.

காரணம் எளிது. அந்த ஓடு கல்சைட்டு எனும் கல்சியம் காபனேற்றுக் கனிமம், சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல்லும் கல்சைட்டு. அமிலத்துக்கு இரண்டும் ஒன்றே. மெல்லிய இடத்தில் அது முதலில் வெல்லும், அடையாளம் காண நமக்குத் தேவையானவையோ அந்த மெல்லிய இடங்களில்தான் இருக்கின்றன. சரியாக அலசாவிட்டால் உள்ளே ஊறிய கல்சியம் அசிற்றேற்று காய்ந்து வெள்ளையாகப் பூக்கும்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது? டெக்சஸின் கிளாஸ் மலைகளில் பேர்மியன் காலத்து ஓடுகள் சிலிக்காவாக மாறியிருக்கின்றன. அமெரிக்காவின் சிமித்சோனியன் அருங்காட்சியகத்து ஆய்வாளர்கள் கூப்பரும் கிராண்டும் அந்தக் கல்லைத் தொன் கணக்கில் ஐதரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, முள் கூட உடையாத ஓடுகளை வெளியே எடுத்தார்கள். சுண்ணாம்பு கரைந்தது, சிலிக்கா நின்றது. அந்த ஓடுகளின் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் கல்சைட்டு ஓட்டையும் தொட்டிக்குள் போடுகிறார்கள்.

உங்களுடையது எது என்று அறிய, உடைந்த துண்டொன்றை எடுங்கள். நல்ல மாதிரியில் கை வைக்க வேண்டாம். கத்தி முனை ஓட்டைக் கீறினால் கல்சைட்டு, கீறாவிட்டால் சிலிக்காவாக இருக்கலாம். 10 மடங்கு கைவில்லையில் ஓட்டின் மேல் ஒன்றினுள் ஒன்றாகச் சிறு வளையங்கள் தெரிந்தால் சிலிக்கா என்ற ஐயம் வலுக்கும். அப்போதும் அந்த வேலை புகைபோக்கியுள்ள ஆய்வுகூடத்துக்குரியது, வெள்ளவத்தை மாடிவீட்டுக் குசினிக்கு அல்ல.

கல்சைட்டு ஓட்டுக்குத் தண்ணீரும் பொறுமையும் போதும். களிக்கல் என்றால் முதலில் ஒரு கழிவுத் துண்டை நனைத்துப் பாருங்கள்; சில வகை சேறாகிவிடும். தாங்கினால் ஒரு இரவு ஊறவைத்து, மென்மையான பல் பிரஷால் மடிப்பின் போக்கிலேயே தேயுங்கள். பள்ளங்களுக்கு ஈர்க்கின் முனையைச் சீவிப் பயன்படுத்தலாம், அது கல்சைட்டைக் கீறாது. ஊசி கீறும். ஊசி எடுத்தே ஆகவேண்டுமானால் முனை ஓட்டுக்கு வெளிப்புறம் பார்க்கட்டும். மண்ணைக் குத்தித் தெறிக்கவிடுங்கள், சுரண்டாதீர்கள்.

சுப்பர் குளூ

வேண்டாம். பாரலொயிட் பி-72 என்ற அக்ரிலிக் பிசினை அசிட்டோனில் கரைத்து ஒட்டுங்கள், பிழைத்தால் அசிட்டோனாலேயே கழற்றலாம்.

"கனடா" என்று மட்டும் எழுதுவது

சிட்டையில் இருக்க வேண்டியவை: எந்த ஆற்றங்கரை, எந்தப் பாறைப் படை, எடுத்த திகதி, எடுத்தவர். மாமாவிடம் அன்றைக்கே கேளுங்கள், அடுத்த வருடம் அவருக்கே மறந்திருக்கும். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை கரையும்.

மின்னுவதைக் கழுவி ஈரத்தோடு மூடிவைப்பது

சில ஓடுகள் பைரைட்டாக (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமமாக) மாறிப் பொன்போல் மின்னும். அவற்றை ஊறவைக்கவே கூடாது. காற்றின் ஈரப்பதன் 60 வீதத்தைத் தாண்டினால் பைரைட்டு சிதைவது வேகம் பிடிக்கும். கொழும்பில் பெரும்பாலும் அதற்கு மேல்தான். மஞ்சள் கலந்த வெள்ளைத் தூளும் கந்தக நெடியும் வந்துவிட்டால் அந்த மாதிரியை மற்றவற்றிலிருந்து உடனே பிரியுங்கள். மின்னும் ஓடுகளைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில், ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். நிறம் மாறியதும் ஜெல்லை எடுத்துச் சூடாக்கிக் காயவைத்து, ஆறியபின் திரும்பப் போடுங்கள்.