பிக்கப்பின் பின்கதவுப் படி காசுக்குப் பெறுமதியா?

சுன்னாகம் சந்தைக்கு வெங்காய மூட்டை ஏற்றும் நாளில் அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் பிக்கப்பின் பெட்டிக்குள் ஏறுவார். அவரைப் போன்றவர்களுக்குப் பின்கதவுக்குள் மடங்கியிருக்கும் படி கட்டாயம் பெறுமதியானது. அமெரிக்காவில் ஃபோர்ட் எஃப்-150இல் 2009 மாடலிலேயே இது வந்துவிட்டது. படியோடு, நிமிர்த்திப் பிடிக்கிற கைபிடியும் உண்டு. என்னைக் கேட்டால் படியைவிட அந்தக் கைபிடிதான் முக்கியம். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் கால் தடுமாறும்.

ஆனால் கதவைத் திறந்தால்தான் அந்தப் படி வெளியே வரும். இழுவைப்பெட்டி கொழுவியிருந்தால் சிரமம். எங்கட செம்மண் சேறு படி இழுபடுகிற தடத்துக்குள் காய்ந்தால் இறுகிவிடும். தண்ணீர் அடித்துக் கழுவி, காயவிட்டு, சிலிக்கோன் ஸ்பிரே அடியுங்கோ. கிரீஸ் வேண்டாம், அதில் மண் ஒட்டும்.

கிழமைக்கு ஒருதரம் ஏறுபவருக்கு, வாகனத்தின் அடிச்சட்டத்தோடு பொருத்திய உறுதியான பம்பரில் சொரசொரப்பான தகடு போதும். 2022இல் வந்த புதிய ஃபோர்ட் ரேஞ்சரில் பின்சில்லுக்குப் பின்னால் பக்கப்படி இருக்கிறது. கதவு பூட்டியிருந்தாலும் கால் வைக்கலாம்.

வாங்கமுதல் செருப்போடு, ஒரு கையில் பாரத்தோடு ஏறி இறங்கிப் பாருங்கோ.