மலிவு சைனா மெஷின்: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது

ஆன்லைனில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு ஒரு ட்ரில் மெஷின் கிடைக்கிறது. பெட்டியில் போட்டிருக்கும் வாட் அதேதான், 10 மி.மீ. சக்கும் (ஓட்டை போடும் பிட்டை மாட்டும் வாய்) அதேதான். பெயர் பெற்ற கம்பெனி மெஷினுக்கோ இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலை. "எல்லாமே சைனாவுலதான் செய்யுறான், எதுக்கு அதிகம் கொடுக்கணும்?" என்பார் ஒருவர். "சைனா சாமானா? காசைத் தண்ணியில போடாதே" என்பார் இன்னொருவர்.

வருஷத்துக்கு நாலைந்து தடவை சுவரில் ஓட்டை போடுகிறவர் மலிவு மெஷின் வாங்குவதில் தப்பே இல்லை. அந்த மெஷின் ஒருநாள் கருகினால் போவது ஆயிரம் ரூபாய். ஆனால் அதே சிக்கனத்தை இரும்பு, கல் அறுக்கும் கிரைண்டரின் டிஸ்க்கிலும் கார்டுலெஸ் மெஷினின் பேட்டரியிலும் காட்டினால் போவது கண்ணாக இருக்கலாம், வீடாக இருக்கலாம். வாங்குபவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: மெஷினுக்கு யோசித்து யோசித்துச் செலவழித்துவிட்டு, டிஸ்க்கை முப்பது ரூபாய்க்குப் பொறுக்கி எடுக்கிறார்கள். வாங்கும்போதும் ஓட்டும்போதும் நடக்கும் தப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நாட்டைப் பார்த்து முடிவெடுப்பது

பாஷ் கம்பெனிக்கு சீனாவின் ஹாங்சோவில் ஆலை இருக்கிறது. மகிட்டாவுக்கு குன்ஷானில் இருக்கிறது. அமெரிக்க பிராண்டு என்று நாம் நினைக்கும் மில்வாக்கியின் உரிமையாளரே ஹாங்காங்கைச் சேர்ந்த டிடிஐ நிறுவனம்தான். அதே சீனாவில் யோங்காங் என்ற ஊர் முழுக்க ஹார்டுவேர் பட்டறைகள். அங்கிருந்து வரும் ஒரே மெஷினுக்கு, வாங்கும் வியாபாரி எந்தப் பெயரைச் சொல்கிறாரோ அந்தப் பெயரை ஒட்டித் தருவார்கள். ஆக, 'மேட் இன் சைனா' என்ற வரி தரத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

நடுவில் இன்னொரு வகை இருக்கிறது. இங்கோ, டோட்டல், டாங்செங் போன்றவை சீன பிராண்டுகள்தான். ஆனால் சொந்தப் பெயரில், மாடல் எண்ணோடு, இங்கே டீலர் வைத்து விற்பவை. பெயரே இல்லாத ஆன்லைன் சரக்கோடு இவற்றைச் சேர்த்து எடைபோடுவது நியாயமில்லை. வீட்டுக்கு வாங்குகிறவருக்குப் பல நேரம் பொருத்தமானது இந்த நடு வரிசைதான்.

இவை எல்லாவற்றையும்விட மோசம் டூப்ளிகேட். பெரிய கம்பெனியின் பெயரையும் நிறத்தையும் திருடி வருவது. பெயரில்லாத மெஷின் தன்னை வேறொரு கம்பெனி என்று சொல்லிக்கொள்வதில்லை. இது பெட்டியிலிருந்தே பொய்.

வாட்டை நம்புவது

பெயர்ப்பலகையில் இருக்கும் வாட், மெஷின் கரண்டிலிருந்து இழுக்கும் அளவு. பிட்டின் முனையில் வரும் சக்தி அதைவிடக் குறைவு. அந்த இழுக்கும் அளவையும் மலிவு மெஷின்களில் யாரும் சரிபார்ப்பதில்லை. 850 என்று அச்சடிக்க மை மட்டும் போதும். உண்மையிலேயே 850 வாட் என்றால், 230 வோல்ட்டில் முழு பளுவில் ஏறத்தாழ 3.7 ஆம்பியர் ஓட வேண்டும். செல்போன் சார்ஜர் ஒயர் மாதிரி மெல்லியதாக ஒரு ஒயர் தொங்கினால் அந்த எண்ணை நம்பாதீர்கள்.

எனக்குப் பிடித்த சோதனை எடை. மோட்டார் என்பது செம்பும் இரும்பும். ஒரே வாட் போட்ட இரண்டு மெஷினைக் கையில் தூக்கிப் பாருங்கள். ஒன்று அரைக் கிலோ குறைவாக இருந்தால் குறைந்தது எங்கே என்று கேளுங்கள். பெரும்பாலும் செம்புக்குப் பதில் அலுமினியக் காயில் (கம்பிச்சுருள்), பால் பேரிங்குக்குப் பதில் வெறும் புஷ், உலோக கியர் ஹவுசிங்குக்குப் பதில் பிளாஸ்டிக்.

கடையில் வாங்கினால் பிளக்கில் சொருகி இரண்டு நிமிஷம் ஓட்டச் சொல்லுங்கள். காற்று வரும் துளை வழியாகப் பார்த்தால் கார்பன் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் சின்னக் கரித்துண்டு) உரசும் இடத்தில் சின்னச் சின்ன நீலப் பொறி தெரியும், அது இயல்பு. கார்பன் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாக நெருப்பு ஓடினால் வேண்டாம். சக்கில் ஒரு பிட்டை மாட்டி ஓட்டினால் முனை ஆடுகிறதா என்று தெரிந்துவிடும். ஓட்டிக்காட்ட மறுக்கிற கடையில் வாங்குவதற்கு ஆன்லைனே மேல். அங்கே திருப்பி அனுப்பவாவது முடியும்.

ஸ்பேரைப் பற்றி யோசிக்காதது

மலிவு மெஷின்களில் ஒரு நல்ல விஷயம் உண்டு, விளம்பரத்தில் வராது. அவற்றில் பல, பெரிய கம்பெனிகளின் பழைய மாடல்களை அச்சுப்போல நகலெடுத்தவை. கான்கிரீட் துளைக்கும் ஹேமர் மெஷினில் '2-26' என்றாலே எந்தக் கடைக்காரருக்கும் புரியும். மூலம் பாஷ் மாடல், நகல்கள் எண்ணிலடங்காது. மார்பிள் கட்டரில் 'சிஎம்-4' அப்படித்தான். இந்த அச்சில் வந்த மெஷினுக்கு ஆர்மேச்சர் (மோட்டாரில் சுற்றும் பாகம்), பீல்டு காயில் (அதைச் சுற்றி அசையாமல் இருக்கும் காயில்), சுவிட்ச், கார்பன் எல்லாம் சென்னை லிங்கி செட்டி தெரு மாதிரி இடங்களில் தனித்தனியாகக் கிடைக்கும். உள்ளூர் வைண்டிங் கடைக்காரரும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவார்.

புது டிசைன், பளபளப்பு, கைப்பிடியில் எல்.இ.டி. விளக்கு என்று அழகாக வரும் மெஷினின் சுவிட்ச் போனால், அதே அளவில் இன்னொன்று எங்குமே கிடைக்காது. மெஷினே குப்பை. வாங்குமுன் "இதுக்கு ஆர்மேச்சர் தனியா கிடைக்குமா?" என்று கேளுங்கள். பழைய அச்சு மெஷின் அசிங்கமாக இருந்தாலும் அதையே எடுங்கள். பெட்டியோடு ஒரு ஜோடி கார்பன் கூடுதலாக வந்தால் பத்திரப்படுத்துங்கள். தேய்ந்த கார்பனோடு தொடர்ந்து ஓட்டினால் ஆர்மேச்சரே போய்விடும்.

வேலைக்குப் பொருந்தாத மெஷின்

"மெஷின் சரியில்லை" என்ற புகாரில் பாதி இதுதான். சாதாரண இம்பாக்ட் ட்ரில்லில் சுத்தியல் அடி என்பது இரண்டு பல் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசித் தத்துவது. செங்கல் சுவருக்கு அது போதும். ஜன்னலுக்கு மேலே லிண்டல், பீம், தளம் என்று கான்கிரீட்டில் கைவைத்தால் மெஷின் கத்தும், பிட் சிவக்கும், ஓட்டை நகராது. உடனே உடம்பின் எடையையெல்லாம் மேலே போட்டு அழுத்துவார்கள். வேகம் குறையும், வேகம் குறைந்தால் மோட்டாரின் தண்டிலேயே மாட்டியிருக்கும் ஃபேனும் மெதுவாகும், குளிர்ச்சி கிடைக்காமல் காயில் புகையும். விலை உயர்ந்த மெஷினையும் இப்படிக் கருக்கலாம், கொஞ்சம் தாமதமாகும்.

கான்கிரீட்டுக்கு எஸ்.டி.எஸ். பிட் (தண்டில் காடி வெட்டிய, தள்ளினாலே மாட்டிக்கொள்ளும் பிட்) மாட்டும் ஹேமர் மெஷின் வேண்டும். அதற்குள் பிஸ்டன் காற்றை அழுத்தி அடிக்கிறது. நீங்கள் அழுத்தத் தேவையில்லை. வீட்டில் ஏ.சி. மாட்ட நாலு ஓட்டை மட்டும் என்றால் வாங்கவே வேண்டாம். கட்டுமானச் சாமான் வாடகைக்கு விடும் கடைகளில் நாள் வாடகைக்குக் கிடைக்கும்.

செட்டோடு இலவசமாக வரும் நூறு பிட்களைப் பற்றி ஒரே வரி: மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் வைத்துக்கொள்ளுங்கள், சுவருக்கும் இரும்புக்கும் தனியாக நல்ல பிட் வாங்குங்கள்.

கிரைண்டரும் டிஸ்க்கும்

இங்கேதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். நம் ஊரில் 'ஏஜி-4' என்று சொல்லும் 4 இஞ்ச் கிரைண்டர் நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். 100 மி.மீ. டிஸ்க்கின் விளிம்பு அப்போது வினாடிக்கு ஏறத்தாழ 58 மீட்டர் போகிறது, அதாவது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். உடைந்து தெறிக்கும் சில்லும் அந்த வேகத்தில்தான் கிளம்பும்.

வெட்டும் டிஸ்க்குகள் பொதுவாக வினாடிக்கு 80 மீட்டர் விளிம்பு வேகம் வரை தாங்கும்படி செய்யப்படுகின்றன. 4 இஞ்ச் டிஸ்க்குக்கு அது 15,000 சுற்றுக்கு மேல், போதுமான இடைவெளி இருக்கிறது. 7 இஞ்ச் டிஸ்க்குக்கோ அந்த எல்லை சுமார் 8,500 சுற்று. "பெரிய டிஸ்க் போட்டா ஆழமா அறுக்கும்" என்று கார்டை (டிஸ்க்கை மூடியிருக்கும் தகடு) கழற்றிவிட்டு சின்ன கிரைண்டரில் அதை மாட்டுகிறவர், வினாடிக்கு 100 மீட்டருக்கு மேல் ஓட்டுகிறார். அது உடையவில்லை என்றால் அன்றைக்கு அவர் நேரம் நல்ல நேரம். டிஸ்க்கின் மேலேயே அதிகபட்சச் சுற்று அச்சிட்டிருக்கும். மெஷின் மேலும் சுற்று அச்சிட்டிருக்கும். டிஸ்க்கின் எண் மெஷினின் எண்ணைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். எண்ணே இல்லாத டிஸ்க்கை வாங்காதீர்கள்.

டிஸ்க்குக்கு வயதும் உண்டு. பிசின் கொண்டு ஒட்டிய கல் அது. ஈரத்தில் பலம் குறையும். நல்ல கம்பெனி டிஸ்க்கின் நடு இரும்பு வளையத்தில் காலாவதியாகும் மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கும், பொதுவாகத் தயாரித்ததிலிருந்து 3 ஆண்டு. கடை மூலையில் மழைக்காலம் பல பார்த்த சரக்கைத் தள்ளுபடியில் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கீழே விழுந்த டிஸ்க்கையும் மாட்ட வேண்டாம், விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

மரம் அறுக்கும் பல் பிளேடைக் கிரைண்டரில் மாட்டுவது நம் ஊரில் சர்வ சாதாரணம். சென்ட்ரிங் வேலையில் தினமும் பார்க்கலாம். மரத்தில் பல் சிக்கும் நொடியில் மெஷின் திமிறிக்கொண்டு ஆளை நோக்கி வரும். கார்டு இல்லாத மலிவு கிரைண்டரில் அதைத் தடுக்க எதுவும் இல்லை. மரத்துக்கு ஜிக்சா வாங்குங்கள், அல்லது சர்க்குலர் சா.

இன்னொன்று கரண்ட் கட். மலிவு கிரைண்டர்களில் தள்ளினால் பூட்டிக்கொள்ளும் சுவிட்ச் இருக்கும். வேலை நடுவே கரண்ட் போகும். மெஷினைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். கரண்ட் திரும்பும்போது தரையில் கிடக்கும் மெஷின் தானே எழுந்து ஓடும். விலை கூடிய சில மாடல்களில் இதற்குத் தடுப்பு உண்டு, மலிவில் எதிர்பார்க்காதீர்கள். கரண்ட் போனதும் பிளக்கைப் பிடுங்கும் பழக்கம் வேண்டும்.

பேட்டரி மெஷினின் கணக்கு

'48 வோல்ட்', '88 வோல்ட்', '128 வோல்ட்' என்று ஒட்டிய கார்டுலெஸ் மெஷின்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு லித்தியம் செல் 3.6 வோல்ட், முழுக்க ஏற்றினால் 4.2. ஐந்து செல் வரிசையாக வைத்தால் 18 வோல்ட், முழு சார்ஜில் 21. கம்பெனிகள் இதையே 18 என்றும் '20 மேக்ஸ்' என்றும் விற்கின்றன; இரண்டும் ஒன்றுதான். 128 வோல்ட் வர வேண்டுமானால் 36 செல் வேண்டும். ஒரு செல் சுமார் 45 கிராம், ஆக செல் மட்டுமே ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகும். கையடக்க பேக்கில் அது எப்படி இருக்கும்? திறந்து பார்த்தால் அதே ஐந்து செல்தான்.

'12,000 எம்.ஏ.ஹெச்.' என்று பேட்டரியின் கொள்ளளவைச் சொல்வதும் இதே கதை. இந்த பேக்குகளில் வழக்கமாக இருக்கும் '18650' அளவு செல் ஒன்று 1,500 முதல் 3,500 எம்.ஏ.ஹெச். வரைதான். ஐந்து செல் பேக்கில் அந்த ஒரு செல்லின் அளவுதான் மொத்த அளவு. பத்து செல் இருந்தால் இரட்டிப்பு. சமையலறைத் தராசு இருந்தால் பேக்கை எடை போடுங்கள். உண்மையான 5,000 எம்.ஏ.ஹெச். பத்து செல் பேக்கில் செல் மட்டுமே 450 கிராம். கூட்டோடு 600 கிராம் பக்கம் வரும். 300 கிராம் காட்டினால் ஐந்து செல்தான் இருக்கிறது.

எண்ணில் ஏமாந்தால் காசு நஷ்டம், அதோடு போயிற்று. சார்ஜர்தான் பயம். மலிவு செட்டோடு வருவது பல நேரம் வெறும் அடாப்டர்; ஐந்து செல்லும் சமமாக ஏறுகிறதா என்று அது பார்ப்பதில்லை. ஒரு செல் மட்டும் 4.2 வோல்ட்டைத் தாண்டினால் சூடாகி, உப்பி, தீப்பிடிக்கலாம். ராத்திரி சொருகிவிட்டுத் தூங்காதீர்கள். மெத்தை, சோபா மேல் வைத்து சார்ஜ் போடாதீர்கள். வேலை முடிந்த சூட்டோடு சொருகவும் வேண்டாம். கார்டுலெஸ் கட்டாயம் தேவை என்றால் கம்பெனி மெஷினாக வாங்குங்கள். வீட்டில் பிளக் பாயின்ட் எட்டும் இடத்தில் வேலை என்றால், அதே காசுக்கு ஒயர் மெஷின் பல வருஷம் கூடுதலாக உழைக்கும்.

இரண்டு பின், வெளிநாட்டு பிளக்

இரண்டு பின் பிளக் என்றாலே மோசம் என்று ஒதுக்க வேண்டாம். பெயர்ப்பலகையில் சதுரத்துக்குள் சதுரம் இருந்தால் அது இரட்டைக் காப்பு மெஷின், எர்த் தேவையில்லை. பெயரில்லாத மெஷினில் அந்தக் குறி வெறும் அச்சாகவும் இருக்கலாம் என்பதால், வீட்டு போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வளைகுடாவிலிருந்து உறவினர் கொண்டுவருவது பெரும்பாலும் 220–240 வோல்ட், அப்படியானால் பிளக் மாற்றினால் ஓடும். அமெரிக்காவிலிருந்து வருவது 120 வோல்ட். இங்கே நேராகச் சொருகினால் அன்றோடு முடிந்தது.

தொழிலுக்கு வாங்குகிறவர்

எலக்ட்ரீஷியன், ஆசாரி, பேப்ரிகேஷன் செய்பவர் என்றால் என் பதில் மாறும். மெஷின் நின்ற நாளில் கூலியும் நிற்கிறது. இரண்டு நாள் வேலை போனாலே விலை வித்தியாசம் கழிந்துவிடும். கைக்காசு குறைவாக இருந்தால், புது மலிவு மெஷினைவிட, காயில் கருகி மறுபடி கட்டாத (ரீவைண்டிங் செய்யாத) பழைய கம்பெனி மெஷின் நல்லது. விற்பவரிடம் பின்பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஆர்மேச்சர் வார்னிஷ் கறுத்திருந்தால், கருகல் வாடை அடித்தால் விட்டுவிடுங்கள்.

வாரண்டி என்று ஆறு மாதம் எழுதியிருந்தாலும், கருகிய காயிலும் தேய்ந்த கார்பனும் பெரும்பாலும் அதில் சேராது. எது சேரும் என்று வாங்கும்போதே கேளுங்கள், ஜி.எஸ்.டி. பில்லில் மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் எழுதி வாங்குங்கள். கடைக்காரர் எழுதத் தயங்கினால், அந்த வாரண்டியின் மதிப்பைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள்.