பிட்ச் பெண்ட் வரம்பு: மிடி பதிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயலின் பகுதி ஒன்றை மென்பொருள் கருவியில் வாசித்துப் பதிந்திருந்தேன். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு இழைத்து ஏறும் இடத்தில் பிட்ச் வீலைப் (சுருதியை ஏற்றி இறக்கும் கீபோர்டுச் சக்கரம்) பாதித் தூரம் தள்ளியிருந்தேன். சரியாக ஒரு செமிடோன் (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் இடைவெளி) ஏறியது. கேட்க இதமாக இருந்தது. இரண்டு நாள் கழித்து அதே டிராக்கில் வேறொரு வயலின் பிளகினை, அதாவது வேறொரு மென்பொருள் கருவியை, போட்டுப் பார்த்தேன். அதே இடத்தில் சுரம் ஆறு செமிடோன் தாவியது. பதிவில் ஓர் எண்கூட மாறவில்லை. சக்கரத்தை முழுவதும் தள்ளினால் சுருதி எவ்வளவு நகரும் என்பதே பெண்ட் வரம்பு. பழைய கருவியின் பெண்ட் வரம்பு 2 செமிடோன், புதியதன் வரம்பு 12. வேறு எந்த வித்தியாசமும் இல்லை.

இந்த விஷயத்தில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். வாசிப்பை எண்களாகப் பதியும் முறையான மிடி, சுருதியைப் பதிவதில்லை. சக்கரம் எங்கே நின்றது என்பதை மட்டும் பதிகிறது. 1983இல் வந்த மிடி வரையறை, பெண்டுக்கு 14 பிட் ஒதுக்கியது. அதாவது 0 முதல் 16383 வரை, நடுநிலை 8192. பல பதிவு மென்பொருள்கள் இதையே −8192 முதல் +8191 வரை என்று காட்டுகின்றன. +4096 என்றால் மேல்நோக்கிப் பாதித் தூரம், அவ்வளவுதான். அந்தப் பாதி எத்தனை செமிடோன் என்பதை ஒலி தரும் கருவிதான் முடிவு செய்கிறது.

ஆகவே வரம்பைப் பார்க்காமலே பதிவு பொத்தானை அழுத்துவதுதான் முதல் தவறு. 1991இல் வந்த ஜெனரல் மிடி என்ற பொது வரையறை, மேலும் கீழும் 2 செமிடோன் என்பதை இயல்பு நிலையாக வைத்தது. அதைப் பின்பற்றும் கருவிகள் ஏராளம், பின்பற்றாதவையும் ஏராளம். சின்தசைசர்களில் 12 வைத்துச் சேமித்த ஒலிகள் சாதாரணமாகக் கிடைக்கும். சில கருவிகளில் மேல்நோக்கி 2, கீழ்நோக்கி 12 என்று இரண்டு பக்கமும் வேறு வேறாக இருக்கும். ஒரே பிளகினுக்குள் ஒலியை மாற்றினாலே வரம்பும் சேர்ந்து மாறிவிடக்கூடும். சக்கரத்தை முழுவதும் தள்ளி, கேட்கும் சுரம் எதுவென்று கீபோர்டில் தொட்டுப் பார்த்துவிடுங்கள். அரை நிமிட வேலை.

அடுத்த தவறு, ‘பெரிய வரம்பு வைத்துக்கொண்டால் எதற்கும் உதவும்’ என்ற எண்ணம். இதில்தான் நல்ல வாசிப்பு அதிகம் கெடுகிறது என்பது என் உறுதியான கருத்து. வயலினில் 20 சென்ட் (ஒரு செமிடோன் என்பது 100 சென்ட்) அளவுக்கு மெல்லிய அதிர்வு கொடுக்க விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வரம்பு 2 என்றால் சக்கரம் செல்லக்கூடிய தூரத்தில் பத்தில் ஒரு பங்கை அசைக்க வேண்டும், விரல் பழகிவிடும். வரம்பு 12 என்றால் அறுபதில் ஒரு பங்கு. எந்தக் கையாலும் அதைச் சீராகச் செய்ய முடியாது.

கீபோர்டின் தரமும் இதில் சேர்ந்துகொள்கிறது. சில கீபோர்டுகள் 14 பிட்டையும் அனுப்பாமல் மேல் 7 பிட்டை மட்டும் அனுப்புகின்றன. அப்போது மேல்நோக்கிச் சுமார் 64 படிகள்தான் உண்டு. வரம்பு 2 எனில் படி ஒன்றுக்கு ஏறத்தாழ 3 சென்ட், காது பொறுத்துக்கொள்ளும். வரம்பு 12 எனில் ஏறத்தாழ 19 சென்ட். இழைவு மறைந்து மாடிப்படி கேட்கும். உங்கள் கீபோர்டு எந்த வகை என்று அறிய, சக்கரத்தை மெதுவாக நகர்த்திப் பதிந்து நிகழ்வுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். 128, 256, 384 என்று எப்போதும் 128இன் மடங்காகவே எண்கள் ஏறினால் அது 7 பிட்.

அந்தப் பகுதியில் தேவைப்படும் மிகப் பெரிய இடைவெளி எதுவோ, அதையே வரம்பாக வைப்பது என் வழக்கம். அப்போது சக்கரம் முட்டி நிற்கும் இடமே சரியான சுரம். காதை நம்பி நடுவழியில் நிறுத்த வேண்டியதில்லை.

பதிந்த பிறகு வரம்பை மாற்றுவது தனிச் சிக்கல். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பெண்ட் எண்கள் எல்லாவற்றையும் பழைய வரம்பால் பெருக்கிப் புதிய வரம்பால் வகுக்க வேண்டும். 2இலிருந்து 12க்குப் போகும்போது 4096 என்பது 683 ஆகும். பதிவு மென்பொருளில் தேர்ந்தெடுத்த எண்களை விகிதப்படி சுருக்கும் வசதி இருந்தால் ஒரே அசைவில் முடிந்துவிடும். எதிர்த்திசையில் எச்சரிக்கை தேவை. 12இல் வாசித்த ஐந்து செமிடோன் ஏற்றத்தை 2க்குள் அடக்கவே முடியாது. எண் உச்சத்தில் முட்டி வெட்டுப்படும்.

சக்கரம் நடுநிலைக்குத் திரும்பாமல் விட்டுப்போவது, கண்டுபிடிக்க நேரம் பிடிக்கும் தவறு. பெண்டின் நடுவே ஒரு பகுதியைக் கத்தரித்தால், திரும்பும் எண்கள் வெட்டுப்பட்ட துண்டோடு போய்விடும். அதன்பின் வரும் சுரங்கள் எல்லாம் கொஞ்சம் விலகியே ஒலிக்கும். நாமோ கருவியின் டியூனிங்கைச் சந்தேகப்படுவோம். வெட்டிய இடத்துக்குப் பின் ஒரு நடுநிலை நிகழ்வைச் சேருங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: −8192 முதல் காட்டும் மென்பொருளில் நடுநிலை 0, 0 முதல் 16383 வரை காட்டும் மென்பொருளில் 8192. பின்னதில் 0 என்று எழுதினால் சுரம் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும்.

குவாண்டைஸ் செய்யும்போது, அதாவது சுரங்களைத் தாளக் கட்டங்களில் தானாகப் பொருத்தும்போது, சுரங்கள் நகர்ந்து பெண்ட் எண்கள் பழைய இடத்திலேயே நிற்கவும் கூடும். கீழே இழுத்து வைத்துக்கொண்டு சுரத்தைத் தொடும் வாசிப்பில் இது உடனே தெரியும்: சுரம் சற்று முன்னால் நகர்ந்தால், முதலில் நேர் சுருதியில் ஒரு கணம் ஒலித்துப் பிறகு சறுக்கும். அத்தகைய பகுதிகளைக் கையாலேயே சரிசெய்வது நல்லது.

பெண்ட் என்பது சானல் (மிடி செய்திகள் செல்லும் தனி வழி) முழுமைக்கும் உரியது. மூன்று சுரம் சேர்ந்து ஒலிக்கும்போது சக்கரத்தைத் தொட்டால் மூன்றும் நகரும். பெடலில் நிற்கும் சுரமும் நகரும். கிதாரில் ஒரு கம்பி மட்டும் வளைவதுபோல வேண்டுமானால் அந்தச் சுரத்தைத் தனி டிராக்கில், தனிச் சானலில் வையுங்கள்.

சுரத்துக்குச் சுரம் தனிப் பெண்ட் தரவே 2018இல் எம்பிஇ (MPE) முறை ஏற்கப்பட்டது; ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சானல் தருவது அது. அதில் சுரச் சானல்களின் இயல்பு வரம்பு 48 செமிடோன். கட்டுப்பாட்டுக் கருவி 48இலும் பிளகின் 2இலும் நின்றால், விரல் ஓர் எட்டுச்சுரம் (12 செமிடோன்) முழுக்க வழுக்கினாலும் அரை செமிடோன்தான் ஏறும். கருவி பழுது என்று முடிவுகட்டும் முன் இரண்டு பக்க எண்களையும் ஒப்பிடுங்கள்.

வரம்பை மிடி வழியாகவே அனுப்பவும் முடியும். கண்ட்ரோலர் (எண்ணிட்ட மிடி கட்டுப்பாட்டுச் செய்தி) 101க்கு 0, 100க்கு 0, பிறகு 6க்குத் தேவையான செமிடோன் எண். முடிந்ததும் 101, 100 இரண்டுக்கும் 127 அனுப்பி அந்தக் கதவை மூட வேண்டும்; இல்லையென்றால் பின்னால் வரும் 6ஆம் கண்ட்ரோலர் எண் வரம்பை மாற்றிவிடும். ஆனால் பல மென்பொருள் கருவிகள் இந்தச் செய்தியைக் கண்டுகொள்வதே இல்லை. அதனால் மிடி கோப்பை வேறொருவருக்குக் கொடுக்கும்போது டிராக் பெயரிலேயே ‘வயலின், பெண்ட் 2’ என்று எழுதி, அந்தப் பகுதியின் ஆடியோவையும் சேர்த்தே அனுப்புகிறேன்.