ரைபோசைம்ல ஒரு நியூக்ளியோசைட்ட மாத்தி வேகம் பாக்கிறது எப்பிடி

ரைபோசைம் எண்டா என்சைம் மாதிரி வேலை செய்யிற ஆர்என்ஏ. ஆர்என்ஏய வெட்டிற ஹாமர்ஹெட் ரைபோசைமோட தொடங்குங்கோ, சின்னது, ரெண்டு துண்டா ஓடர் பண்ணலாம். ஒரு நேரத்தில ஒரு இடத்த மட்டும் மாத்துங்கோ, இல்லாட்டி எது வேகத்தக் குறைச்சது எண்டு பிறகு மண்டைய உடைக்கோணும்.

சி17ட (வெட்டு விழுற இடத்து சைட்டோசின்) 2′-ஹைட்ராக்சில்தான் பக்கத்து பாஸ்பேட்டத் தாக்கிறது, அங்க டீஆக்ஸி (அந்த ஹைட்ராக்சில் இல்லாதது) போட்டா வெட்டே நடக்காது, நல்ல நெகட்டிவ் கன்ட்ரோல். எனக்குப் பிடிச்சது ஜி12 (12ஆம் இடத்து குவானின்), அதுதான் அந்த ஹைட்ராக்சில்ட புரோட்டான இழுக்குது எண்டுதான் இப்ப கருத்து, அங்க இனோசினோ டைஅமினோபியூரினோ போட்டா பிகேஏ (புரோட்டான விடுற பிஎச்) மாறும், வேகம்-பிஎச் கோடும் கூடவே நகரும், அதால ஒரே பிஎச்ல அளந்திட்டு "செத்துப்போச்சு" எண்டு எழுதிடாதீங்கோ, 5.5ல இருந்து 8.5 வரைக்கும் பாருங்கோ.

ரைபோசைம சப்ஸ்ட்ரேட்ட (வெட்டுப்படுற துண்ட) விட நிறையக் கூடப் போட்டு, மெக்னீசியம் இல்லாத பஃபர்ல 95 பாகைக்கு சூடாக்கி ஆறவிடுங்கோ. 10 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைட் விட்ட செக்கன்ல இருந்துதான் கணக்கு. எடுக்கிற ஒவ்வொரு துளியையும் ஈடிடிஏ (மெக்னீசியத்தப் பிடிச்சு வைக்கிறது), ஃபோர்மமைட்ல நிப்பாட்டி யூரியா ஜெல்ல ஓட்டுங்கோ.

கொழும்பு வெக்கையில கை வேர்க்கும், கிளவுஸ் அடிக்கடி மாத்துங்கோ. ஜெல்ல ஒரு வெட்டுக்குப் பதிலா ஏணி மாதிரித் தெரிஞ்சா ஆர்என்ஏஸ் (ஆர்என்ஏயக் கண்டபடி வெட்டிற என்சைம்) பூந்திட்டுது. 25 பாகை வேணுமெண்டா குளிராக்கிற ப்ளாக் வேணும், கரண்ட் போய் ஏசி நிண்டா வெறும் ஹீட் ப்ளாக்கால ஒண்டும் செய்யேலாது.

வேகம் குறைஞ்சா உடன கெமிஸ்ட்ரியப் பழி சொல்லாம மெக்னீசியத்தக் கூட்டிப் பாருங்கோ, வேகம் திரும்பி வந்தா ஆர்என்ஏட மடிப்புலதான் கோளாறு இருக்கச் சான்ஸ் கூட.