கார் என்ஜின் சூடேறுகிறதா? காரணத்தைக் கண்டறியும் முறை

என்ஜின் சூடேறுகிறது என்று மெக்கானிக்கிடம் போனால், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் என்று ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிவிட்டு, கடைசியில் சில நூறு ரூபாய் விலையுள்ள, மின்விசிறியை இயக்கும் சிறு மின் சுவிட்சான ரிலேதான் பழுது என்று தெரியவருவது நம் ஊரில் புதிதல்ல. கார் எந்த நேரத்தில், எப்படி ஓடும்போது சூடேறுகிறது என்ற கேள்விக்குச் சரியான விடை கையில் இருந்தால், தேட வேண்டிய இடம் வெகுவாகச் சுருங்கிவிடும். அந்த விடையைக் கண்டுபிடிக்கும் வழியையே இங்கே விளக்குகிறேன். இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. டார்ச் விளக்கு, பழைய துணி, கையுறை ஆகியவற்றுடன் பொறுமையும் இருந்தால் போதும்.

குளிர்விப்பு எப்படி நடக்கிறது

வாட்டர் பம்ப், கூலண்ட் திரவத்தை என்ஜின் பிளாக்கிலும் சிலிண்டர் ஹெட்டிலும் உள்ள பாதைகளின் வழியாகச் சுற்றவைக்கிறது. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது தெர்மோஸ்டாட் என்ற வால்வு மூடியிருப்பதால் கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றும். பெரும்பாலான கார்களில் ஏறக்குறைய 82 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் தெர்மோஸ்டாட் திறக்கத் தொடங்கும். அதன்பின் சூடான கூலண்ட் ரேடியேட்டருக்குப் போய், காற்றில் வெப்பத்தை விட்டுவிட்டுத் திரும்பி வரும். வண்டி ஓடும்போது அந்தக் காற்று எதிரிலிருந்தே கிடைக்கிறது; நிற்கும்போது மின்விசிறிதான் அதை இழுத்துத் தர வேண்டும்.

இவற்றோடு பலரும் பொருட்படுத்தாத ஒரு பாகம் ரேடியேட்டர் மூடி. பிரஷர் குக்கரின் வெயிட்டைப் போல அது உள்ளே அழுத்தத்தைத் தக்கவைக்கிறது. கூலண்டும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்த கலவை சாதாரண அழுத்தத்தில் 107 டிகிரி அளவில் கொதிக்கும். மூடி தரும் ஏறக்குறைய 1 பார் கூடுதல் அழுத்தத்தில் அதே கலவை 125 டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்துப்போயிருந்தால் மற்ற எல்லாம் நன்றாக இருந்தும் கூலண்ட் கொதித்து வழியும்.

முள் ஏறும்போது உடனே செய்ய வேண்டியவை

வெப்பநிலை முள் வழக்கமான இடத்தைத் தாண்டி ஏறத் தொடங்கினால் ஏசியை அணைத்துவிட்டு, ஹீட்டரை முழு அளவில் வையுங்கள். சித்திரை வெயிலில் ஹீட்டரா என்று தோன்றும். ஆனால் ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான் என்பதால் என்ஜினின் வெப்பத்தில் ஒரு பங்கை அது வெளியேற்றிவிடும். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ, பானெட்டிலிருந்து ஆவி வந்தாலோ, அடுத்த பெட்ரோல் பங்க் வரை ஓட்டிவிடலாம் என்று எண்ணாமல் ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிடுங்கள். இன்றைய கார்களின் சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது. அளவுக்கு மீறிச் சூடேறினால் அது வளைந்துவிடும், பிறகு செலவு ஆயிரங்களில் நிற்காது.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. அழுத்தம் விடுபட்ட அந்த நொடியே கொதிக்கும் கூலண்ட் முகத்திலும் கையிலும் பீறிடும். ஒரு மணி நேரமாவது ஆறவிட்டு, ரேடியேட்டரின் மேல் ஹோஸை (மேலே சேரும் ரப்பர் குழாயை) தொட்டுப் பார்த்து, அது சூடின்றியும் அமுக்கினால் எளிதில் உள்வாங்கும்படியும் இருந்தால் மட்டுமே மூடியைத் துணியால் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். சூடான என்ஜின் மீதோ, காலியான ரேடியேட்டருக்குள்ளோ குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவதும் ஹெட்டில் விரிசல் விழச் செய்யலாம்.

முதல் படி: ஆறிய என்ஜினில் கூலண்ட் அளவு

காலையில் காரை இயக்குவதற்கு முன் கூலண்ட் டப்பாவில் அளவு, கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையில் இருக்கிறதா என்று பாருங்கள். டப்பாவோடு நின்றுவிடாமல், ரேடியேட்டரில் தனி மூடி இருந்தால் அதையும் திறந்து பாருங்கள்; மூடியின் ரப்பர் பழுதானால் டப்பா நிறைந்திருக்கும், ரேடியேட்டரோ வற்றிப்போயிருக்கும். ஆறியபின் டப்பாவிலிருந்து கூலண்டைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ள வழிவிடுவதும் அந்த மூடிக்குள் இருக்கும் சிறிய வால்வுதான்.

அளவு குறைந்திருந்தால் அது எங்கே போனது என்று கேட்க வேண்டும், ஏனெனில் மூடிய அமைப்பில் கூலண்ட் தானாகக் குறையாது. டார்ச் அடித்து ஒவ்வொரு ஹோஸ் கிளிப்பையும், ரேடியேட்டரின் இரு பக்கப் பிளாஸ்டிக் தொட்டிகள் அலுமினியத்தோடு சேரும் விளிம்பையும் பாருங்கள். ஈரம் இல்லாவிட்டாலும், காய்ந்த கூலண்ட் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ வெண்மையாகவோ உப்புப் பூத்ததுபோல் படிந்திருக்கும். விரல் நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் அந்தக் கறை வழிந்திருந்தால் பம்பின் சீல் போய்விட்டது என்று பொருள். முன் இருக்கையின் கால்மிதியடி ஈரமாகி இனிப்பு வாடை வீசினால் ஹீட்டர் கோர், அதாவது ஹீட்டருக்குள் இருக்கும் சிறிய ரேடியேட்டர், ஒழுகுகிறது.

இரண்டாம் படி: எப்போது சூடேறுகிறது?

கண்டறிதலின் சாரம் இதில்தான் இருக்கிறது. ஆகவே இரண்டு மூன்று நாட்கள் ஓட்டிக் கவனித்து, பார்த்ததைக் குறித்து வையுங்கள். முள் இல்லாமல் நீல, சிவப்பு விளக்குகள் மட்டும் உள்ள காராக இருந்தால், ஸ்டியரிங் அடியில் உள்ள, காரின் பழுதறியும் தகவல்களைத் தரும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் சிறு புளூடூத் கருவியை வாங்கி, கைப்பேசியில் கூலண்ட் வெப்பநிலையை டிகிரியிலேயே பார்க்கலாம். விளக்கு எரிந்த பின் தெரிந்துகொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

சிக்னலிலும் நெரிசலிலும் நிற்கும்போது ஏறி, சாலை காலியானதும் இறங்கிவிட்டால் சந்தேகம் முதலில் மின்விசிறி மீதுதான் விழ வேண்டும். என்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சிறிது நேரத்திலேயே விசிறி சுற்றத் தொடங்கும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, விசிறியின் கனெக்டர், மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். ஃபியூஸ் பெட்டியில் அதே எண்ணுள்ள வேறு ரிலே இருந்தால் அதை மாற்றிச் செருகிப் பார்ப்பதே எளிய சோதனை. ஏசி போட்டால் சுற்றி, ஏசி இல்லாமல் என்ஜின் சூடானபோது சுற்றாவிட்டால், மோட்டாரை விட்டுவிட்டு வெப்பநிலை சென்சாரையும் அதன் வயரையும் கவனியுங்கள். என்ஜினை அணைத்த பிறகும் விசிறி திடீரெனச் சுற்றக்கூடும் என்பதால் விரலையும் துணியையும் அருகில் கொண்டுபோக வேண்டாம்.

இதற்கு மாறாக, நெடுஞ்சாலையில் 80, 100 கிலோமீட்டர் வேகத்தில் சூடேறினால் விசிறிக்கு அதில் பங்கில்லை, எதிர்க்காற்றே போதுமானது. அங்கே குறைவது கூலண்டின் ஓட்டமோ, ரேடியேட்டரின் திறனோதான். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சருக்கும் (ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் பாகம்) ரேடியேட்டருக்கும் இடையில் புழுதியும் பூச்சிகளும் அடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். அடைத்திருந்தால் மெல்லிய நீர்வீச்சால் என்ஜின் பக்கத்திலிருந்து முன்னோக்கிக் கழுவுங்கள். போர்வெல் தண்ணீரையே ஆண்டுக்கணக்கில் ஊற்றிய கார் என்றால் அடைப்பு உள்ளே இருக்கும், ஏனெனில் அந்தத் தண்ணீரின் உப்புகள் மெல்லிய குழாய்களில் படிந்துவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏசியோடு இரண்டாம் கியரில் ஏறும்போது முள் சற்று உயர்ந்து, சமதளத்தில் விரைவில் இறங்கிவிட்டால் அது பழுதாகாது. இறங்க மறுத்தால் மேலே சொன்னவற்றைப் பார்க்க வேண்டும்.

இயக்கிய ஐந்து நிமிடத்துக்குள்ளேயே சூடேறினால் கூலண்ட் குறைவு, தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருப்பது, உள்ளே காற்று அடைத்திருப்பது, ஹெட் காஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் இடையில் உள்ள அடைப்புத் தகடு) பழுது ஆகிய நான்கில் ஒன்றாக இருக்கலாம்.

மூன்றாம் படி: ஹோஸ்கள் சொல்வது

ஆறிய என்ஜினை இயக்கி, பெல்ட்டிலிருந்து கை விலகியிருக்கும்படி ரேடியேட்டரின் மேல் ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். முள் பாதிக்கு அருகில் வரும்வரை அது வெதுவெதுப்பாக இருந்து, பிறகு சட்டென்று சூடானால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. முள் சிவப்பை நோக்கிப் போயும் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் அது சிக்கியிருக்கிறது. சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸின் பக்கம் இருக்கும். அவற்றில் கீழ் ஹோஸைத்தான் கவனிக்க வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் தொல்லை தீரும் என்று சொல்லும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். அந்த யோசனையை நான் ஏற்பதில்லை. என்ஜின் வேலை வெப்பநிலையை எட்டாமலேயே ஓடும், எரிபொருள் வீணாகும், உண்மையான காரணமும் மறைந்துவிடும்.

நான்காம் படி: ஹெட் காஸ்கெட்

இயக்கிய ஓரிரு நிமிடங்களில், சூடேறுவதற்கு முன்பே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், சிலிண்டரில் எரிபொருள் எரிந்து உண்டாகும் வாயு கூலண்டுக்குள் கசிகிறது. கூலண்ட் டப்பாவில் இடைவிடாது குமிழிகள் வருவது, சூடான பின்னும் இனிப்பு வாடையோடு வெண்புகை வருவது, வெளியே ஒழுக்கு இல்லாமலே கூலண்ட் குறைவது ஆகியவை அதே பழுதின் மற்ற அடையாளங்கள். டிப் ஸ்டிக்கில் எண்ணெய் பால் கலந்த காபியின் நிறத்தில் இருந்தால் என்ஜினை இயக்கவே கூடாது. எண்ணெய் மூடியின் உட்புறத்தில் மட்டும் வெளிர் நுரை இருந்தால் பதற வேண்டாம். மழைக்காலத்தில் குறைந்த தூரமே ஓடும் கார்களில் ஈரப்பதத்தாலும் அது வரும். காஸ்கெட் பழுது என்று உறுதியானால் காரை ஓட்டிச் செல்லாமல் தூக்கிச் செல்லும் வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். ஹெட்டைக் கழற்றும்போது அதன் முகப்பு வளைந்திருக்கிறதா என்று அளந்து பார்க்கும்படி கேளுங்கள்.

பழுது நீக்கிய பிறகு

கூலண்டை நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நிறத்துக்குப் பொதுவான தரநிலை எதுவும் இல்லை. காரின் கையேட்டில் குறிப்பிட்ட வகையையே வாங்கி, அடர்திரவமாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் கலந்து நிரப்புங்கள். நிரப்பும்போது ஹீட்டரைச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடி என்ஜினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து காற்றுக் குமிழிகள் நிற்கும்வரை சிறிது சிறிதாக ஊற்றுங்கள். காற்றை வெளியேற்றும் திருகாணி உள்ள கார்களில் அதைத் தளர்த்திச் செய்ய வேண்டும். மறுநாள் காலை ஆறிய என்ஜினில் அளவு சற்று இறங்கியிருக்கும், அதை நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்கடுத்த நாட்களிலும் இறங்கிக்கொண்டே போனால், டார்ச்சை எடுத்துக்கொண்டு முதல் படியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதுதான்.